பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரிக்குப் பிறகு: தமிழ்நாட்டில் தொழிற்பயிற்சி தரும் அமைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிசல்ட் வந்த வாரத்தில் தொடங்கி ஆகஸ்ட் வரை பிள்ளைகளும் பெற்றோரும் விடாமல் கேட்கிற கேள்விகள் இவை. தமிழ்நாட்டில் இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐடிஐ, திறன் மேம்பாட்டுக் கழகம், வங்கிகள், மகளிர் திட்டம், தாட்கோ, பெரிய கம்பெனிகள் என்று வரிசை நீளம். எதில் சேர்வது என்று யோசிக்கும் முன் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பயிற்சிக்கான காசை யார் கொடுக்கிறார்கள்? அரசா, கம்பெனியா, வங்கியா, நீங்களா? அது தெரிந்தால், அந்த இடம் உங்களை எதற்காகச் சேர்க்கிறது என்பதும் பாதி தெரிந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பலவும் அதைச் சுற்றித்தான் போகும்.

பத்தாவது பாஸ். ஐடிஐ சேர்வதா, பாலிடெக்னிக் சேர்வதா?

பாலிடெக்னிக் மூன்று வருடம். கணக்கு, வரைபடம், தியரி எல்லாம் கூடுதல். முடித்தால் சூப்பர்வைசர் வரிசை வேலைகளுக்குப் போகலாம். ஐடிஐ பெரும்பாலும் ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். வெல்டர், ப்ளம்பர், கோபா எனப்படும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆகியவை ஒரு வருடப் பிரிவுகள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவை இரண்டு வருடம். இங்கே நாளின் பெரும்பகுதி பட்டறையில்தான் போகும்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த பையனிடம் முதல் சில வாரம் கழித்துப் பேசிப் பாருங்கள். கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரம் போடச் சொல்லியிருப்பார்கள். அராவி முடித்து, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் எங்கோ ஒரு மூலையில் ஒளி கசியும். திரும்ப அராவ வேண்டும். திரும்பவும் கசியும். இதற்குள் அளவு குறைந்துவிட்டால் வேறு துண்டு. உள்ளங்கை கொப்பளித்துப் போய், "இதற்கா வந்தோம்" என்று வீட்டில் அழுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கண்ணும் கையும் பழகிவிட்டால், பிறகு எந்த மெஷினில் நிறுத்தினாலும் அளவு பிசகாது. இந்த வேலை பிடிக்கும் என்றால் ஐடிஐ. பிடிக்காதவரை வீட்டார் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில் பயனில்லை.

ஐடிஐ போனால் மேலே படிக்க முடியாது என்பது தவறான எண்ணம். ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியலில் இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்து, மொழிப் பாடத் தேர்வுகளையும் எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்கு இணையான சான்றும் கிடைக்கும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவதோடு நின்றவருக்கு ஏதாவது உண்டா?

உண்டு. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது போதும். வயது 14 முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை.

அரசு ஐடிஐயில் செலவு எவ்வளவு ஆகும்?

பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பாடப் புத்தகம், பஸ் பாஸ் என்று அரசே தருகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். இது ஐடிஐக்கும் பொருந்தும் என்பது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் ஏராளம்.

டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 4.0 எனப்படும் நவீன தொழில்நுட்பத் தரத்துக்கு மாற்றும் வேலையையும் அரசு எடுத்துக்கொண்டது. சிஎன்சி எனப்படும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மெஷின், ரோபோ வெல்டிங் எல்லாம் அந்த மையங்களில் உண்டு. உங்கள் ஊர் ஐடிஐ அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தனியார் ஐடிஐ வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்லவையும் இருக்கின்றன. சேரப்போகும் பிரிவுக்கு, அதாவது கட்டடத்துக்கு அல்ல, பிரிவுக்கு, என்சிவிடி அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அது தேசிய அளவில் செல்லும் சான்றிதழ். ரயில்வே, பொதுத்துறை, வெளிநாடு எல்லாவற்றுக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மாநில அளவிலான எஸ்சிவிடி சான்றிதழ் செல்லாது என்றில்லை, ஆனால் கதவுகள் குறைவு. பட்டறையை ஒரு நடை நேரில் போய்ப் பார்ப்பதும் நல்லது. மெஷின் மேல் தூசி படிந்திருந்தால், அப்புறம் விசாரிக்க எதுவும் இல்லை.

அப்ரண்டிஸ் என்பது வேலையா, பயிற்சியா?

சட்டப்படி பயிற்சி. 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் கம்பெனியும் நீங்களும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறீர்கள். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. அவர்கள் உங்களுக்கு இடம் கொடுப்பது தர்மத்துக்காக அல்ல, சட்டக் கடமை. எனவே தயங்காமல் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், நம் பிள்ளைகள் மிகவும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். "உதவித்தொகை கம்மி, டெலிவரி வேலைக்குப் போனால் இதைவிடக் கிடைக்கும்" என்பார்கள். அந்த மாதக் கணக்கு உண்மைதான். ஆனால் பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலைப் பணிமனை, திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்களில் ஒரு வருடம் நின்று கற்பதை எந்தப் பயிற்சி மையத்திலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அங்குள்ள மெஷின்களை வாங்கிப் போட எந்த மையத்தாலும் ஆகாது.

2019-ல் திருத்திய விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையாக ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தன. இதற்கு மேல் கொடுக்கத் தடை இல்லை. பல கம்பெனிகள் கொடுக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் அறிவிப்பில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கிறது. ஐடிஐ படித்தவர்களுக்கு 2016-ல் வந்த என்ஏபிஎஸ் திட்டத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய். பட்டதாரி, டிப்ளமோக்காரர்களுக்கு நாட்ஸ் திட்டம். அதன் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகர் எனப்படும் அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. இவை சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அப்ரண்டிஸ் முடித்தால் நிரந்தரம் ஆக்குவார்களா?

ஆக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. அப்படியானால் என்ன பயன்? ரயில்வேயில் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தேர்வு எழுத வேண்டும், ஆனால் போட்டி சிறிய வட்டத்துக்குள். 1995-ல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கே முன்னுரிமை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தனியாரில் சர்ட்டிபிகேட்டைவிட, உங்கள் வேலையைப் பார்த்த ஃபோர்மேனின் வாய்வார்த்தை அதிகம் எடுபடும். அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் "ட்ரெயினி" என்று எடுக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகி, அதற்கு ஒரு எண் கிடைத்திருந்தால்தான் அது அப்ரண்டிஸ்ஷிப். கான்ட்ராக்டர் வழியாகச் சேர்த்து, ஷிப்ட் போட்டு லைனில் நிறுத்தி, "ட்ரெயினி" என்று ஐடி கார்டு மட்டும் மாட்டிவிட்டால் அது வேலை. வேலை என்றால் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தப் பதிவும் இல்லை, பிஎஃப், இஎஸ்ஐயும் இல்லை என்றால் ஏதோ சரியில்லை. போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன்; வீட்டு நிலைமை என்று ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே ஸ்க்ரூவை இறுக்கியபடி இரண்டு வருடம் போய்விடக் கூடாது என்பதுதான் கவலை.

நான் முதல்வன் என்றால் என்ன? அது பள்ளிக்கூடமா, வெப்சைட்டா?

2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தோடு சேர்த்தே கூடுதல் திறன் பயிற்சி தருவது முக்கிய வேலை. வருடத்துக்குப் பத்து லட்சம் பேர் என்ற இலக்கோடு ஆரம்பித்தார்கள்.

கல்லூரியில் இதை "இன்னொரு பேப்பர்" என்று நினைத்து அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பெரிய கம்பெனிகள் வடிவமைத்த கோர்ஸ் இலவசமாக வரும்போது, அதில் ப்ராஜெக்ட் ஒன்றைச் செய்து கையில் வைத்துக்கொண்டால் இன்டர்வியூவில் பேச விஷயம் கிடைக்கும். ப்ராஜெக்டை யாரோ செய்து தர, நீங்கள் அப்லோட் மட்டும் செய்தால், அந்த இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி பயிற்சி உண்மையிலேயே இலவசமா?

ஆமாம், சாப்பாடும் தங்குமிடமும் உட்பட. ஆர்செட்டி என்பது ஊரக சுயதொழில் பயிற்சி நிலையம். 1982-ல் கர்நாடகாவின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ருட்செட்டி என்று ஆரம்பித்ததுதான் இதற்கு முன்னோடி. அது நன்றாக நடந்ததைப் பார்த்து, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்கக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி போன்றவை மாவட்டவாரியாக நடத்துகின்றன.

கிராமப்புறத்தில் 18 வயது நிறைந்தவர்களுக்கானது. ஆடு வளர்ப்பு, தையல், ஆரி வேலை, செல்போன் ரிப்பேர், டூ வீலர் மெக்கானிக், வீட்டு வயரிங் என்று பெரும்பாலும் பத்து நாள் முதல் ஒன்றரை மாதம் வரை. மற்ற பயிற்சிகளிலிருந்து இது வேறுபடுவது ஒரு இடத்தில்: இங்கே உங்களை வேலைக்கு அனுப்பும் எண்ணமே கிடையாது. சொந்தத் தொழில் வைக்கத்தான் பயிற்சி. அதனால் தொழிலோடு சேர்த்து வரவு செலவு எழுதுவது, திட்ட அறிக்கை தயாரிப்பது, பேங்கில் எப்படிப் பேசுவது என்பதும் பாடத்தில் உண்டு. பயிற்சிக்குப் பின் இரண்டு வருடம் தொடர்ந்து விசாரிப்பார்கள்.

வங்கி ஏன் காசு செலவழித்துச் சொல்லிக்கொடுக்கிறது? நாளைக்கு நீங்கள் அவர்களிடம் கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிற ஆளாக வேண்டும் என்பதற்காக. இதில் ஒளிவு மறைவு இல்லை. இரு பக்கமும் லாபம். ஆனால் பயிற்சி முடித்ததாலேயே கடன் வந்துவிடாது. கிளை மேலாளர் சிபில் எனப்படும் கடன் மதிப்பெண்ணைப் பார்ப்பார், பழைய நகைக்கடன் பாக்கியைப் பார்ப்பார், கடை போடும் இடத்தைக் கேட்பார். முத்ரா கடனுக்கு 10 லட்சம் வரை அடமானம் தேவையில்லை என்பதை மரியாதையாக நினைவுபடுத்தலாம். மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகும், வேலையில்லாத இளைஞர்களுக்கான யுஒய்ஈஜிபி திட்டத்தில் எட்டாவது படித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம்.

ஊருக்கே வந்து, "இலவசப் பயிற்சி, வேலை உறுதி" என்று ஆள் சேர்க்கிறார்கள். நம்பலாமா?

டிடியு-ஜிகேஒய் எனப்படும் தீன்தயாள் உபாத்யாயா திட்டமாக இருந்தால் விசாரித்து நம்பலாம். 2014-ல் தொடங்கியது, கிராமத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டில் ஊரக வாழ்வாதார இயக்கம், அதாவது நம் ஊரில் மகளிர் திட்டம் என்று சொல்கிற அலுவலகம், மேற்பார்வை செய்கிறது. பயிற்சி தருவது தனியார் நிறுவனங்கள். அவர்களுக்கு அரசு பணம் தவணை தவணையாக வருகிறது. வேலையில் சேர்த்து மூன்று மாதச் சம்பளத்துக்கு ஆதாரம் காட்டினால்தான் அடுத்த தவணை. பயிற்சி முடிந்து போன பிறகும் போன் போட்டு "பே ஸ்லிப் அனுப்பும்மா" என்று விரட்டுவது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. வேலை வாங்கித் தர அவர்களுக்கு அவசரம் உண்டு என்பது நல்லது. எந்த வேலையானாலும் பரவாயில்லை, மூன்று மாதம் தள்ளினால் போதும் என்று அனுப்பிவிடும் இடங்களும் உண்டு என்பது கெட்டது. ஆகவே சேரும்முன் முந்தைய பேட்சில் படித்த உங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இருவரிடமாவது பேசுங்கள். எந்த ஊரில் வேலை, ஹாஸ்டல் வாடகைக்கு எவ்வளவு பிடித்தம், கையில் வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். பெண் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால் ஹாஸ்டலை அம்மா ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் சுயஉதவிக் குழு அக்காவிடம் சொன்னால் மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வார்.

கம்பெனிகளே நடத்தும் பயிற்சிகள் எப்படி?

சில மிக நன்றாக இருக்கின்றன. ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனி நடத்தும் பள்ளியில் ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து இரண்டு வருடம் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் இல்லை, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். தென்காசியிலும் உண்டு. டிகிரி தர மாட்டார்கள் என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எல் அண்ட் டி கட்டுமானத் திறன் பயிற்சி மையம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. கம்பி கட்டுதல், சென்ட்ரிங் தச்சு, கொத்து வேலை எல்லாம் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருடம் பயிற்சி தந்து, அங்கேயே வேலைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அரவிந்துக்குக் கண் காட்டப் போனவர்களுக்குத் தெரியும்: பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது, ஆபரேஷனுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று பாட்டிக்குப் புரியும்படி சொல்வது எல்லாமே அந்தப் பெண்கள்தான். டாக்டர் கடைசியில் வந்து முடிவு சொல்வார். அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் மருத்துவமனையே ஓடாது, ஆகவே பயிற்சியை ஒப்புக்கு நடத்த அவர்களால் முடியாது. இப்படி, தனக்கே ஆள் தேவைப்படுகிற இடத்தில் கற்பது எப்போதும் உசத்தி.

எஸ்சி, எஸ்டி இளைஞர்களுக்குத் தனியாக என்ன இருக்கிறது?

தாட்கோ. 1974-ல் தொடங்கிய நிறுவனம், எல்லா மாவட்டத்திலும் அலுவலகம் உண்டு. அழகுக்கலை முதல் போட்டித் தேர்வுப் பயிற்சி வரை கட்டணத்தைத் தாட்கோவே ஏற்கிறது. ப்ளஸ் டூ முடித்தவர்களை ஹெச்சிஎல் நிறுவனத்தில் பயிற்சியோடு வேலையில் சேர்க்கும் ஏற்பாடும் செய்திருக்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவையில் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி நாளில் சர்வர் படுத்துவிடும்.

டெபாசிட் கேட்கிறார்கள், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மேலே சொன்ன அரசு, வங்கித் திட்டங்கள் எதுவும் "வேலை வாங்கித் தர" உங்களிடம் பணம் கேட்காது. ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்தால் சரி. "கோர்ஸ் முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் நீங்கள் விலகிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது.

காசு வாங்கும் தனியார் மையம் எல்லாமே மோசடி என்று அர்த்தம் இல்லை. டாலி, சிஎன்சி ப்ரோக்ராமிங், ஏசி மெக்கானிக் என்று ஒழுங்காகச் சொல்லித் தந்து நியாயமாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாடத்துக்குப் பணம் வாங்கினால் அது வியாபாரம், ரசீது கேளுங்கள். வேலைக்குப் பணம் வாங்கினால் அங்கே நிற்காதீர்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் பயிற்சி என்கிறார்களே?

முதலில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கேளுங்கள். 1978-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது, சென்னையில் இருக்கிறது. செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி வரை நடத்துகிறது. தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, கம்போடியா, மியான்மர், லாவோஸில் டேட்டா என்ட்ரி வேலை என்றாலோ போகவே வேண்டாம். அப்படிப் போய் சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்டு வரப்பட்ட நம் ஊர்ப் பிள்ளைகள் பலர்.

சரி, நாளைக்குக் காலையில் முதலில் எங்கே போவது?

பத்தாவது, ப்ளஸ் டூ முடித்தவர் என்றால் அருகிலுள்ள அரசு ஐடிஐக்கு. கலந்தாய்வு முடிந்த பிறகும் காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும், அதனால் தாமதமாகிவிட்டது என்று வீட்டிலேயே இருக்காதீர்கள். ஐடிஐ முடித்தவர் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிந்துவிட்டு, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போங்கள். அப்ரண்டிஸ் மேளா தேதி அங்கே தெரியும். சொந்தத் தொழில் எண்ணம் என்றால் உங்கள் பகுதி வங்கிக் கிளையிலேயே ஆர்செட்டி எங்கே என்று கேட்டால் சொல்வார்கள். டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் மூன்று செட் ஜெராக்ஸ், நாலைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை வங்கிக்கு வராமல் நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு எழுத்தால்தான்.